அவர் யாரிடம் பேசுகிறார்?

ஓராள் நாடகம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பல வருடங்களாக வ.உ.சி.யாக மேடையேறி வரும் திருநெல்வேலி நடிகர் ஒருவர் பதில் சொல்கிறார்.

பள்ளி ஆண்டு விழாவுக்காக வ.உ.சி. பற்றி முக்கால் மணி நேர ஓராள் நாடகம் எழுதியிருக்கிறேன். பிறப்பு முதல் இறப்பு வரை எதையும் விடவில்லை. ஆனால் ஒத்திகை பார்த்த என் மனைவியே கொட்டாவி விடுகிறார். எங்கே கோளாறு? பிரதியை இணைத்திருக்கிறேன்.
— தமிழாசிரியர், விருதுநகர்

பிரதியைப் படித்தேன். உங்கள் மனைவி பக்கம்தான் நான். முதல் வரி இப்படி: "நான் 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தேன்." சரி, இதை அவர் யாரிடம் சொல்கிறார்? உலகத்தில் யாராவது தன் பிறந்த தேதியை, மாவட்டம் தாலுகாவோடு, எதிரில் இருப்பவரிடம் தானாக ஒப்பிப்பார்களா? சாட்சிக் கூண்டில் நின்றால் ஒப்பிக்கலாம். அங்கேகூட யாராவது கேட்க வேண்டும்.

எதையும் விடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கோளாறே அதுதான். 1906-ல் சுதேசி நாவாய்ச் சங்கம், அடுத்த வருடம் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல், 1908-ல் கோரல் மில் வேலைநிறுத்தம், மார்ச் 12-ல் கைது, ஜூலை 7-ல் பின்ஹே துரையின் தீர்ப்பு, இருபதும் இருபதும் நாற்பது வருடம், அப்புறம் மேல்முறையீட்டில் ஆறு வருடம். எல்லாம் உண்மை. பாடப் புத்தகத்தில் இருக்க வேண்டியதும்கூட. ஆனால் மேடையில் இருப்பவர் ஒரு மனிதர். அவருக்கு ஒரு நேரம் வேண்டும், ஓர் இடம் வேண்டும், எதிரில் ஒருவர் வேண்டும். அந்த ஒருவரிடமிருந்து இவருக்கு ஏதாவது ஆக வேண்டியிருக்க வேண்டும். இது அமையாமல் ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

என் நாடகத்தில் நான் எடுத்துக்கொண்டது 1936, தூத்துக்குடி. கடைசி மாதங்கள். அவர் எழுதி வைத்த உயிலில் எந்தெந்தக் கடைக்கு எவ்வளவு பாக்கி என்று பட்டியல் போட்டிருக்கிறார். கப்பல் கம்பெனி நடத்திய கை, மளிகைக் கணக்கு எழுதுகிறது. அந்தப் பட்டியலைப் படித்த அன்றே நாடகம் கிடைத்துவிட்டது. பாக்கி கேட்க ஒரு கடைப் பையன் வருகிறான் என்று வைத்துக்கொண்டேன். பையன் என் கற்பனை, பாக்கி கற்பனை இல்லை. தொடக்கம் இப்படிப் போகும்:

"உள்ள வாடே. நடைலயே ஏன் நிக்க? ஒங்க மொதலாளி என்ன சொல்லி அனுப்புனாரு? (காத்திருக்கிறார்.) அது தெரிஞ்சதுதானே. அந்த நோட்ட எடு. ம்... எண்ணெய்க் கடை பாக்கி. (சிரிக்கிறார்.) எண்ணெய்! நான் ஆட்டிக் குடுத்த எண்ணெய்க்கு எவம்டே எனக்குச் சீட்டு எழுதுனான்?"

செக்கு வந்துவிட்டதா? கோயம்புத்தூர்ச் சிறை, 1908 என்று அறிவிக்காமலே வந்துவிட்டது. செக்கிழுத்தவர் என்பது தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்ததை நீங்கள் திரும்பச் சொன்னால் கொட்டாவிதான் வரும். தெரிந்ததைப் பார்வையாளரே போய்த் தொட வழி விட்டால் நிமிர்ந்து உட்காருவார்கள். பையனுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. அவனுக்கு வசூல் ஆக வேண்டும், அவ்வளவுதான். அவனுக்குப் புரியாததுதான் முக்கால் மணி நேரத்துக்கும் தீனி.

உங்கள் பிரதியில் ஒரு நல்ல இடமும் இருக்கிறது. 1912 டிசம்பரில் சிறையிலிருந்து வெளியே வருகிறார், அதற்கு முந்தைய வருடமே சங்கம் கலைக்கப்பட்டுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கிழித்துப் போடுங்கள். வெளியே வந்தவர் முதலில் யாரிடம் பேசியிருப்பார் என்று மட்டும் யோசியுங்கள்.

வரலாற்று மனிதரின் வாயில் நாமாக வசனம் வைக்கலாமா? எதுவரை வைக்கலாம்?
— வழக்கறிஞர், மதுரை

வைக்காமல் நாடகமே இல்லை. ஆனால் நான் எனக்கென்று ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். நடந்த காரியத்தை மாற்ற மாட்டேன். அவர் எழுத்திலேயே இருக்கும் வாக்கியத்தைத் திருத்தி அழகுபடுத்த மாட்டேன். அவர் யாரிடம், எந்த மனநிலையில் அதைச் சொன்னார் என்பதைத்தான் கற்பனை செய்வேன்.

ஓர் உதாரணம். 1915-ல் காந்தி சென்னைக்கு வந்திருக்கிறார். வ.உ.சி. அப்போது சென்னையில் கஷ்ட ஜீவனம். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டிக் காந்தியிடம் கொடுத்த ஒரு தொகை இன்னும் கைக்கு வரவில்லை. காந்தியைப் பார்க்க வேண்டும் என்று எழுதுகிறார். காலை ஆறு மணிக்கு வந்தால் சில நிமிடம் ஒதுக்கலாம் என்று பதில் வருகிறது. நம் ஆள் என்ன எழுதுகிறார்? எனக்குப் பேச வேண்டியது உங்கள் சில நிமிடத்துக்குள் அடங்காது என்கிற மாதிரி, ரொம்ப மரியாதையாக. அந்தப் பணம் கடைசியில் 1916-ல் வந்து சேர்ந்தது: 347 ரூபாய் 12 அணா. இந்தக் கடிதங்களையெல்லாம் தேடிப் பதிப்பித்தவர் ஆ.இரா. வேங்கடாசலபதி. அவருக்கு நாடகக்காரர்கள் எல்லாரும் கடன்பட்டிருக்கிறோம்.

இதில் காந்தியை வில்லனாக்கிக் கைதட்டல் வாங்குவது ரொம்பச் சுலபம். வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். நான் அந்தப் பக்கம் போகவில்லை. வ.உ.சி. பதில் எழுத உட்காருகிறார். ஒரு வரி எழுதுகிறார், அடிக்கிறார், மறுபடி எழுதுகிறார். சுயமரியாதை ஒரு பக்கம், வீட்டுச் செலவு ஒரு பக்கம். கடிதத்தில் இருப்பது அவர் எழுதி அனுப்பிய வரி. அடித்துப் போட்ட வரிதான் என்னுடையது. எனக்குக் கிடைத்த சுதந்திரம் அவ்வளவு, அதுவே தாராளம்.

நீங்கள் வழக்கறிஞர் என்பதால் இன்னொன்று. ஆசிரியர் இறந்து 60 வருடம் கழிந்தால் பதிப்புரிமை முடிந்தது என்று நம் ஆட்கள் பொதுவாக நினைத்துக்கொள்கிறார்கள். உயிரோடு இருந்தபோது அச்சான நூல்களுக்கு அது சரி. ஆனால் அவர் காலத்துக்குப் பின் முதல்முறையாக அச்சேறிய கடிதம், நாட்குறிப்பு என்றால், அச்சேறிய வருடத்திலிருந்துதான் 60 எண்ண வேண்டும். ஆகவே, புதிதாக வெளிவந்த கடிதத்தை வரிக்கு வரி மேடையில் வாசிக்கப் போகிறீர்கள் என்றால் அனுமதி கேட்டுவிடுவது நல்லது. பாரதி விஷயத்தில் இந்தத் தொல்லையே இல்லை, 1949-லேயே நாட்டுடைமை ஆகிவிட்டார். தமிழ்நாட்டில் தெருவுக்கொரு பாரதி மேடையேற அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். முண்டாசும் மீசையும் மலிவு என்பது இன்னொரு காரணம்.

வ.உ.சி. என்றாலே எல்லாருக்கும் சிவாஜிதான் ஞாபகம் வருகிறார். அதை எப்படித் தாண்டுகிறீர்கள்?
— வங்கி ஊழியர், தஞ்சாவூர்

தாண்டவில்லை. 1961-ல் வந்த 'கப்பலோட்டிய தமிழன்' படத்தைப் பார்த்துத்தான் நானே வ.உ.சி.யை நேசித்தேன். அதை எதிர்த்து மல்லுக்கட்டினால் தோற்பது நான்தான். அவர் நின்ற இடத்தில் நான் நிற்பதில்லை, அவ்வளவுதான். அவர் கடற்கரையில் முழங்கினார், நீதிமன்றத்தில் முழங்கினார். என் வ.உ.சி. திண்ணையில் உட்கார்ந்து தொல்காப்பியத்துக்கு மெய்ப்புத் திருத்துகிறார். இதுவும் உண்மையான வ.உ.சி.தான். இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தவர், திருக்குறளுக்கு மணக்குடவர் உரையைத் தேடிப் போனவர். அந்த ஆளைச் சினிமா நமக்காக விட்டு வைத்திருக்கிறது.

குரல் விஷயத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். காமராஜர், அண்ணா மாதிரி ஒலிப்பதிவு உள்ளவர்களை எடுத்தால் முதல் இரண்டு நிமிடம் அந்தக் குரலைத் தொட்டுக் காட்டுங்கள். சபையில் ஒரு சிரிப்பு, ஒரு கைதட்டல் வரும். அதற்குப் பிறகு உங்கள் குரலுக்கு வந்துவிடுங்கள். ஒரு மணி நேரமும் "ஆகட்டும் பார்க்கலாம்" என்று இழுத்துக்கொண்டே இருந்தால் சனம் குரலைத்தான் கவனிக்கும், சொல்வதைக் கவனிக்காது. அது பல்குரல் நிகழ்ச்சி. அதற்குத் தனித் திறமை வேண்டும், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வேலை வேறு.

எனக்கு 21 வயது. பெரியாரின் கடைசிப் பொதுக்கூட்டத்தை வைத்து ஓராள் நாடகம் செய்ய ஆசை. இந்த வயதில் 94 வயதுக்காரராக நடித்தால் சிரிப்பார்களா?
— பொறியியல் மாணவர், ஈரோடு

உடம்பை நடுக்கினால் சிரிப்பார்கள்.

அமெரிக்காவில் ஹால் ஹோல்புரூக் என்று ஒரு நடிகர் இருந்தார். மார்க் ட்வைனாகத் தனியே மேடையேற ஆரம்பித்தபோது அவருக்கு 29 வயது. அது 1954. நடித்தது 70 வயது ட்வைனை. ஒப்பனைக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகுமாம். 2017 வரை விடாமல் செய்தார். தான் நடித்த ட்வைனைவிட இருபது வயது மூத்தவராகிவிட்ட பிறகும் மேடையேறினார். அவர் சாமர்த்தியம் ஒப்பனையோடு நிற்கவில்லை. ட்வைன் நிஜ வாழ்க்கையிலேயே ஊர் ஊராகப் போய்ச் சொற்பொழிவு செய்து சம்பாதித்தவர். அதனால் மேடையில் ஒருவர் தனியாக நின்று ஏன் பேசுகிறார் என்ற கேள்வியே எழவில்லை. அரங்கத்தில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தவர்கள்தான் ட்வைனின் சபை. அன்றன்றைக்குப் பொருத்தமான பகுதிகளை எடுத்து மாற்றி மாற்றிப் பேசினார்.

உங்களுக்கும் அந்த வசதி இருக்கிறது. 1973 டிசம்பர் 19, தியாகராய நகர். பெரியார் கூட்டத்தில்தான் பேசினார், நீங்களும் கூட்டத்தில்தான் பேசப் போகிறீர்கள். ஐந்தே நாளில், 24-ஆம் தேதி, மறைந்தார். அந்த ஒலிப்பதிவில் பேச்சுக்கு நடுவே வலி பொறுக்காமல் முனகுவார். முனகி முடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடருவார். அந்த முனகலை நீங்கள் அப்படியே நடித்துக் காட்ட வேண்டாம், கேட்கச் சகிக்காது. வலி வரப்போகிறது என்று தெரிந்து, அது வருவதற்குள் வாக்கியத்தை முடித்துவிட வேண்டும் என்று அவசரப்படுங்கள். வயது அந்த அவசரத்தில் தானாகத் தெரியும். கைத்தடி, தாடி எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பற்றிச் செய்ய விரும்புகிறேன். ஆனால் துன்பம், துன்பம் என்று ஒரே அழுகையாகப் போகிறது.
— முதுகலை மாணவி, திருவாரூர்

அழுகைக்கு அந்த அம்மாளிடம் நேரமே இருந்திருக்காது. 1936-ல் நாவல் எழுதி வெளியிடுகிறார், 1938-ல் இந்தி எதிர்ப்புப் படையோடு திருச்சியிலிருந்து சென்னைக்கு நடக்கிறார். 1883-ல் பிறந்தவர், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், ஐம்பத்தைந்து. ஐம்பத்தைந்து வயதில், ஆண்களுக்கு நடுவே, ஊர் ஊராக நடக்கிற பெண் காலையில் எழுந்து என்ன செய்வார்? பாதத்தைப் பார்ப்பார், புடவையைத் தூக்கிச் செருகுவார், அடுத்த ஊரில் சாப்பாட்டுக்கு யார் ஏற்பாடு என்று கேட்பார். அங்கேயிருந்து ஆரம்பியுங்கள். பெண் பிள்ளைகளைத் தேவதாசியாக்கும் பொட்டுக்கட்டு, விற்கப்பட்ட சிறுவயது எல்லாம் நடக்க நடக்க வரட்டும்.

மராத்தியில் சுஷமா தேஷ்பாண்டே 1980-களின் கடைசியில் சாவித்திரிபாய் புலேயாகத் தனி நாடகம் செய்தார். கிராமம் கிராமமாகப் போனது அந்த நாடகம். அப்புறம் வேறு நடிகைகளும் அதை எடுத்துச் செய்தார்கள். சாவித்திரிபாய் 1848-ல் புனேயில் பெண் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப் போகும்போது தெருவில் சாணியையும் கல்லையும் எறிவார்கள், அதனால் மாற்றுப் புடவை ஒன்றைக் கையோடு கொண்டுபோவார் என்று சொல்வார்கள். இதை ஒரு நடிகை கண்ணீரோடு விவரித்தால் ஒரு விதம். ஒன்றுமே சொல்லாமல், பையிலிருந்து புடவையை எடுத்து உதறி மடித்துக்கொண்டே அன்றைய பாடத்தைப் பற்றிப் பேசினால் இன்னொரு விதம். எனக்குப் பிடித்தது இரண்டாவது. அந்த மாதிரி ஒரு பொருளை ராமாமிர்தம் அம்மாளுக்கும் தேடுங்கள். அழுவதற்குச் சபையில் ஆள் இருக்கிறார்கள், நீங்கள் அழ வேண்டியதில்லை.

எதிரில் இல்லாத ஆளிடம் பேசுவது செயற்கையாக இருக்கிறதே, ஏதாவது உத்தி உண்டா?
— நாடகக் குழு நண்பர்கள், புதுச்சேரி

பெரும்பாலும் நான் பார்ப்பது தொலைபேசி வியாதி. "என்ன கேட்டாய்? சிறையில் நான் கல் உடைத்தேனா என்றா கேட்டாய்?" என்று எதிராளியின் வசனத்தையும் தானே சொல்லிவிடுவது. நிஜத்தில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. கேள்வியைச் சொல்லாதீர்கள், பதிலை மட்டும் சொல்லுங்கள். கேள்வி என்னவாக இருந்திருக்கும் என்று சபை ஊகிக்கட்டும்.

கண் விஷயம் முக்கியம். என் கடைப் பையன் நிற்கும் இடம் மேடையின் இடப்பக்க முனை. அவன் உயரம் என் மார்பளவு. அவன் உட்கார்ந்ததும் என் பார்வை முழங்கால் உயரத்துக்கு இறங்க வேண்டும். ஒரு தடவை இறங்க மறந்தாலும் பையன் செத்தான். ஒத்திகையின்போது அந்த இடத்தில் உண்மையிலேயே ஒரு பையனை உட்கார வைத்துவிடுவேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைதான், முறுக்குக்கு மயங்கி வரும். அவன் நெளிவது, சொறிவது, வாசலைப் பார்ப்பது எல்லாம் எனக்கு வேண்டும். பையன் இல்லாத மேடையிலும் அவன் வாசலைப் பார்க்கும் நேரத்தில் நான் சட்டென்று பேச்சை நிறுத்துவேன்.

வில்லுப்பாட்டு, கதாகாலட்சேபம் எல்லாம் நம்மிடம் இருக்கும்போது ஓராள் நாடகம் எதற்கு?
— ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், நாகர்கோவில்

நல்ல கேள்வி. உங்கள் ஊர்க்காரர் கலைவாணர் என்.எஸ்.கே. காந்தி கதையை வில்லுப்பாட்டில் சொன்னவர். அதில் சொல்கிறவர் கதைசொல்லியாகவே இருப்பார், நினைத்தால் காந்தியாவார், நினைத்தால் வெளியே வந்து ஒரு நையாண்டி அடிப்பார், பக்கத்தில் இருப்பவர் ஆமாம் போடுவார். அந்த வசதி ஓராள் நாடகக்காரனுக்கு இல்லை என்று யார் சொன்னது? முழுக்க "நான், நான்" என்றே பேச வேண்டும் என்று சட்டம் ஒன்றும் கிடையாது. இந்தியில் சேகர் சென் கபீர், துளசிதாசர், விவேகானந்தர் என்று தனியாளாகச் செய்ததெல்லாம் பாட்டோடுதான். பாடத் தெரிந்தவர்கள் பாடுங்கள். எனக்குச் சாரீரம் கிடையாது, அதனால் பேசுகிறேன்.

குடும்பத்தார், சாதிச் சங்கத்தார் எதிர்ப்புத் தெரிவித்தால்?
— பெயர் வேண்டாம், தூத்துக்குடி

அரங்கேற்றத்துக்கு முன்பே குடும்பத்தாரைப் பார்த்துவிடுங்கள். அனுமதிக்காக மட்டும் இல்லை, புத்தகத்தில் இல்லாத விஷயங்கள் அவர்களிடம்தான் இருக்கும். சங்கத்தார் வேறு. அவர்களுக்கு வேண்டியது சிலை. வக்கீல் தொழில் செய்வதற்கான உரிமமான சன்னதை இழந்திருந்த வ.உ.சி.க்கு அதைத் திரும்பப் பெற உதவியவர் நீதிபதி வாலஸ் என்ற வெள்ளைக்காரர். அந்த நன்றிக்காக ஒரு மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். இதை நாடகத்தில் சொன்னதற்கு, எப்படி வெள்ளைக்காரன் பெயரைப் போய் வைத்தார் என்று காட்டலாம், எடுத்துவிடுங்கள் என்று ஓர் ஊரில் விழாக்குழுவினர் வந்து நின்றார்கள். வெள்ளைக்கார ஆட்சியோடு சண்டை, உதவிய வெள்ளைக்காரனிடம் நன்றி, இரண்டும் ஒரே மனிதருக்குள் இருந்ததுதானே அவர் பெருமை என்று கேட்டேன். அரை மனதாக விட்டார்கள். அந்தக் காட்சிக்குத்தான் அன்று நல்ல கைதட்டல், அதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

போலீஸ் அனுமதி வேண்டுமா?
— இளைஞர் மன்றம், சிவகாசி

எம்.ஆர். ராதாவின் நாடகங்களுக்குக் கடிவாளம் போட வந்தது 1954-ஆம் வருடச் சட்டம். அதன்படி பிரதியைக் காட்டி முன் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. பரீக்ஷா நாடகக் குழுவின் ஞாநி வழக்குப் போட்டு, 2013-ல் சென்னை உயர்நீதிமன்றம் அந்தப் பிரிவுகளைச் செல்லாது என்றது. திறந்த வெளியில் போடுகிறீர்கள் என்றால் ஒலிபெருக்கிக்கு அனுமதி வாங்கத்தான் வேண்டும். வாங்கிவிடுங்கள், பாதியில் மைக்கை நிறுத்தினால் ஓராள் நாடகத்தில் மிச்சம் ஒன்றும் இருக்காது.

வசனம் மறந்துவிட்டால் கைகொடுக்க மேடையில் வேறு யாருமே இல்லையே?
— பள்ளி மாணவன், கோவில்பட்டி

நோட்டு இருக்கிறதே, தம்பி. என் வ.உ.சி. கையில் வைத்திருக்கும் கணக்கு நோட்டில் உண்மையிலேயே எழுதியிருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் அடுத்த பகுதியின் முதல் வார்த்தை, பெரிய எழுத்தில், கண்ணாடி இல்லாமலே தெரிகிற மாதிரி. மறந்தால் பக்கத்தைப் புரட்டிக் கணக்குப் பார்ப்பேன். பாக்கியை நினைத்து மனிதர் கலங்குகிறார் என்று சபை நினைத்துக்கொள்ளும். நீ எந்தத் தலைவரை எடுத்தாலும் அவர் கையில் கடிதமோ செய்தித்தாளோ கொடுத்துவிடு.

எவ்வளவு கேட்கலாம்?
— புதிய நடிகர், சேலம்

கூச்சப்படாமல் கேளுங்கள். ஒரு ஆள்தானே, செலவு என்ன பெரிசு என்பார்கள். ஒளி அமைக்க ஒருவர், ஒலிக்கு ஒருவர், சாமான் தூக்க ஒருவர், வண்டி, சாப்பாடு என்று நான்கு பேர் கணக்கை முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். போக வர வண்டிச் செலவை முன்பணமாக வாங்கிவிடுங்கள். மேடையில் ஐந்து பொன்னாடை போர்த்திவிட்டு, பேருந்துக்குச் சில்லறை இல்லாமல் அனுப்பி வைத்த ஊர்களும் உண்டு. பொன்னாடையை நடத்துநர் வாங்கிக்கொள்ள மாட்டார்.